ஓடுது, பேசுங்க

சங்கமித்ராவுக்கு மாப்பிள்ளை பார்த்தது பஸ்ஸின் தகரம்தான் என்று நான் அவளைக் கேலி செய்வதுண்டு. ஈஜிபுராவில் ஒற்றை அறை வாடகை வீட்டில் வளர்ந்தவள் அவள். டிப்ளமா முடித்த கையோடு சந்தாபுராவில் ஒரு தொழிற்சாலை ஆபீஸில் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. மார்க்கெட்டிலிருந்து ஆனேக்கல் போகும் தனியார் பஸ்ஸில் அடுகோடியில் ஏறி, ஓசூர் ரோடு முழுக்க நின்றுகொண்டே போவாள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் முனிராஜ்.

பஸ் பாஷை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கண்டக்டர் பக்கத்துத் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் டிரைவர் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டினால் கிளம்ப வேண்டும். சங்கமித்ரா தாமதமாக மூச்சு வாங்க ஓடி வரும் காலைகளில், நிறுத்தமே இல்லாத இடத்தில் அந்த ஒற்றைத் தட்டு விழும். உள்ளே இருக்கிற ஜனம் சும்மா விடுமா? ‘ஹெண்ட்தி பந்த்லா?’ என்று ஒரு குரல் வரும். பெண்டாட்டி வந்துவிட்டாளா என்று கேலி. முதல் மாதம் அவளுக்கு அழுகை வந்தது. மூன்றாம் மாதம் சிரிப்பு வந்தது. அடுத்த வருஷம் அது நிஜமாகவே ஆகிவிட்டது.

முனிராஜின் சொத்து அவர் தொண்டை. ‘மார்க்கெட், அடுகோடி, மடிவாளா, பொம்மனஹள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, சந்தாபுரா, ஆனேக்கல் ஆனேக்கல் ஆனேக்கல்!’ என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். தமிழனுக்குத் தமிழில், கன்னடத்தானுக்குக் கன்னடத்தில், சில்லறை தராதவனுக்கு இரண்டிலும் திட்டு கிடைக்கும். மகள் ஸ்னேஹா பிறந்த பிறகு, வீட்டில் அவளை எழுப்புவதும் இதே கூப்பாட்டில்தான். சுவரோரம் நிற்கும் இரும்பு பீரோவில் இரண்டு தட்டு தட்டி, பஸ் கிளம்புகிறது என்று முழங்குவார். குழந்தை பாயிலிருந்து துள்ளி எழுந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும்.

நான் ஸ்ரீவித்யா. பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அடுகோடியில் லேத் பட்டறைகளுக்கு மேலே ஒரு மாடியில் எங்கள் டிரஸ்ட் இருந்தது. குரல்வளையில் புற்றுநோய் வந்து அதை எடுத்துவிடப் போகிறவர்கள் எங்களிடம் வருவார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அவர்கள் குரலைப் பதிவு செய்து, கேசட்டில் ஏற்றிக் குடும்பத்துக்குக் கொடுப்போம். ஆபரேஷனுக்குப் பிறகு வேறு வழியில் பேசப் பழக்குவதும் நாங்கள்தான். பதிவு செய்கிற வேலையைப் பார்த்துப் பெரிய டாக்டர்கள் சிலர் சிரித்தார்கள். உயிர் மிஞ்சுகிறதே, குரல் எதற்கு என்று ஒருவர் கேட்டார். அவர் வீட்டில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை போலிருக்கிறது.

சங்கமித்ரா எங்களிடம் வேலைக்கு வந்தது குழந்தை பிறந்த பிறகு. டைப் தெரியும் என்று வந்தவள், கம்ப்யூட்டரை முழுசாகத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அந்தக் கம்ப்யூட்டரை எங்களுக்கு வைத்துக் கொடுத்தவன் பத்ரிநாத். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. சனிக்கிழமைகளில் எங்களுக்கு இலவசமாக உழைப்பான். விண்டோஸுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் டேப்பில் நகல் எடுத்து வைக்கவும் ஒரு டிரைவ் மாட்டினான். ஒரே ஒரு டேப்தான். அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதுவோம். டேப் ஓட ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாவரைக்கிற மாதிரி சத்தம் வரும். அந்த நேரத்தில் நான் யாருக்கும் பயிற்சி கொடுக்க முடியாது, எரிச்சலாக வரும்.

பதிவு செய்யும்போது சங்கமித்ரா மெஷினைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கட்டளையைத் தட்டியதும், திரும்பி, ‘ஓடுது, பேசுங்க’ என்பாள். எல்லாப் பதிவும் இந்த இரண்டு வார்த்தையில்தான் தொடங்கும். கேசட்டில் ஏற்றும்போது அதை வெட்டிவிடுவோம். சிலர் மைக்கைப் பார்த்ததும் பயந்து எழுந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட பதிவுகள் சில வெறும் பெயரோடு, உள்ளே ஒன்றுமில்லாமல் நின்றுவிடும். அவற்றைக் களைய பத்ரி ஒரு கட்டளை சொல்லிக்கொடுத்திருந்தான். மெஷினுக்குள் பதிவுகள் இருக்கும் அறை மாதிரியான இடத்துக்குப் போய் அதைத் தட்டினால், அளவு பூஜ்யம் என்று இருக்கிற கோப்புகளை எல்லாம் தேடி அழித்துவிடும். வாரக் கடைசியில் குப்பை கூட்டுகிற மாதிரி அதைச் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

முனிராஜின் தொண்டை கட்டியபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளெல்லாம் கத்துகிறவனுக்குக் கட்டாமல் என்ன செய்யும்? கற்பூரவல்லிச் சாறு, மிளகுப் பால், கடையில் விற்கிற மிட்டாய் எல்லாம் ஆயிற்று. கட்டு விடவில்லை. ஒரு நாள் சங்கமித்ரா அவரை என்னிடம் அழைத்து வந்தாள். அவர் ‘நமஸ்காரம் மேடம்’ என்று சொன்ன மாத்திரத்தில் என் காதுக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கரகரப்பை நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்! என் காது பொய்யாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் டாக்டரிடம் அனுப்பினேன். பொய்யாகவில்லை. குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும் என்றார்கள்.

குரலைப் பதிவு செய்ய அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“செத்தவனுக்குப் படம் மாட்ற மாதிரி இருக்குது மேடம். வேணாம் உடுங்க” என்றார்.

“உங்களுக்காக இல்லங்க” என்றாள் சங்கமித்ரா. “பாப்பாவை நாளைக்கு யாரு எழுப்பறது? நான் எழுப்புனா எந்திரிக்கிறாளா?”

அன்று சாயங்காலமே வந்து மைக் முன்னால் உட்கார்ந்தார். அந்த மாதம் நான் பாதி நாள் லீவு. வேறு யாரையும் பதிவு செய்யவில்லை. அந்த மாதத்தின் ஒரே பதிவு அவருடையதுதான். நான் அறைக்குள் இருந்தேன். சங்கமித்ரா மெஷின் பக்கம் திரும்பி, வெளியாள் ஒருவருக்குச் சொல்கிற அதே தொனியில், ‘ஓடுது, பேசுங்க’ என்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, ஆனேக்கல் வரைக்கும் வண்டியை ஓட்டினார். ஒரு ஊரைக்கூட விடவில்லை. சில்லறை இல்லாதவனைத் திட்டினார். ‘ஸ்வல்ப முந்தே ஹோக்ரி’ என்று முன்னால் நகரச் சொன்னார். மகளைப் பேர் சொல்லி எழுப்பினார், பல்லைத் தேய்க்கச் சொன்னார், அம்மாவை எதிர்த்துப் பேசாதே என்றார். கடைசியில் சங்கமித்ராவுக்கு மட்டும் ஏதோ சொன்னார். குரல் கம்மிவிட்டது, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மெஷினில் இருக்கிறதே, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வெளியாருக்கு அன்றன்றைக்கே கேசட் ஏற்றிக் கொடுத்துவிடுவோம். தன் வீட்டுக் கேசட்டை அவள் ஒத்திப் போட்டாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓட நேரம் போதவில்லை. மெஷின் அவள் கையில்தானே இருக்கிறது? அவர் வீடு திரும்பும் நாளன்று ஏற்றிக்கொண்டு போகலாம் என்று இருந்துவிட்டாள். ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. அந்த வாரம் ஆயுத பூஜை வந்தது.

அடுகோடியில் ஆயுத பூஜை என்றால் தெருவே குளிக்கும். பட்டறைக்காரர்கள் லேத் மெஷினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, ஸ்பானர் முதல் ஆணி வரை துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எங்கள் மாடியிலும் அப்படித்தான். அவரவர் கருவியை அவரவர் சுத்தம் செய்துவிட வேண்டும். பூஜை முடிந்தபின் விடுமுறை தீரும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. இதில் எங்கள் டிரஸ்டி மகா கறார்.

சங்கமித்ராவின் குடும்பம் தாத்தா காலத்திலேயே பௌத்தம். விஜயதசமி அன்று அவர்கள் விகாரைக்குப் போவார்கள். பூஜையில் நிற்க மாட்டாள். அதற்காக யாரோடும் சண்டையும் போட மாட்டாள்.

“நான் குங்குமம் வெக்க மாட்டேன் மேடம். அதை நீங்க பாத்துக்கங்க. தொடச்சு பளபளன்னு குடுத்துடறேன்” என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வாள்.

பூஜையில் நிற்காத குறை சுத்தத்தில் தெரியக்கூடாது என்று அவளுக்கு ஒரு வீம்பு. மற்றவர்கள் ஒருமுறை துடைத்தால் அவள் மூன்று முறை துடைப்பாள். அந்த வருஷம் கீபோர்டின் எழுத்துகளைக் கழற்றிக் கழுவினாள். மூடியைத் திறந்து தூசியை ஊதினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். உள்ளே இருக்கிற குப்பையையும் விட்டுவைப்பானேன் என்று அவளுக்குத் தோன்றியது. வாரா வாரம் ஒரு அறையைக் கூட்டுகிற அதே கட்டளையை, ஆயுத பூஜை ஆயிற்றே என்று, வீடு முழுவதற்குமாகத் தட்டினாள். மெஷினின் வேர் வரைக்கும், எங்கெல்லாம் பூஜ்ய அளவில் கோப்பு இருக்கிறதோ அத்தனையும் அழி என்று. ஏதேதோ முடியாது, முடியாது என்று திரையில் வரிகள் ஓடின. அந்த மெஷின் எப்போதும் ஏதாவது முனகும், அவள் கண்டுகொள்ளவில்லை.

பிறகு டேப்பை மாட்டி நகல் எடுத்தாள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. மெஷினிலிருந்து பிழை என்று ஒரு வார்த்தை இல்லை.

“மேடம், பாத்தீங்களா? சுத்தம் பண்ணதுல எவ்ளோ ஸ்பீடாயிடுச்சு! சத்தங்கூட இல்ல” என்று என்னிடம் வந்து சொன்னாள். நிஜமாகவே முகத்தில் அவ்வளவு சந்தோஷம். முனிராஜ் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சத்தம் இல்லாமல் போனதே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

மெஷினை முறைப்படி அணைக்கக் கட்டளை கொடுத்தாள். அது அணைய மறுத்தது. டிரஸ்டி கையில் தேங்காயும் கற்பூரமுமாக நின்றுகொண்டிருந்தார். ராகு காலம் வந்துவிடும் என்று அவசரப்படுத்தினார். அவள் என்னைப் பார்த்தாள். ஸ்விட்சை அணைத்துவிடு என்று ஜாடை காட்டினேன். அணைத்தாள். நான் சந்தனம் வைத்தேன், மாலை போட்டேன். கீழே பட்டறைக்காரர்கள் பூசணிக்காய் உடைத்தார்கள்.

விடுமுறை முடிந்து திறந்த அன்று மெஷின் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் ஓடி, முதல் கன்சோலைத் திறக்க முடியவில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி சொல்லிவிட்டு நின்றது. மறுபடி போட்டோம். மறுபடி அதே வரி. பத்ரிநாத்தோ கம்பெனி வேலையாக அமெரிக்கா போயிருந்தான். அவன் வீட்டில் கொடுத்த நம்பருக்கு அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

காத்திருக்கலாம் என்றால் காத்திருக்க முடியாது. ஜகதாம்பாள் என்று ஒரு அம்மாள், பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவர், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை அவருக்கு ஆபரேஷன். விடுமுறையால் அவரைப் பதிவு செய்யாமல் தள்ளிப் போட்டிருந்தோம். அந்த அம்மாளின் ஜோல்னாப் பையில் வெந்நீர் பாட்டில். பாடுவதற்குத் தொண்டையை இதமாக வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

பக்கத்துத் தெருவிலிருந்து சீனுவைக் கூப்பிட்டோம். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். கெட்டவன் இல்லை. எல்லா வியாதிக்கும் அவனிடம் ஒரே மருந்து, அவ்வளவுதான்.

“மேடம், ஓ.எஸ். போயிடுச்சு. ஃபார்மேட் பண்ணி புதுசா லோடு பண்ணிடறேன். ஒரு ரெண்டு மணி நேரத்துல ரெடி. டேட்டா பேக்கப் இருக்குதா?”

பாவம், கேட்டான். கேட்கத்தான் செய்தான்.

நானும் கேட்டேன். “சங்கமித்ரா, எல்லாம் டேப்பில் இருக்கா? நன்னா யோசிச்சுச் சொல்லு.”

அவள் பெஞ்சில் இருந்த அம்மாளைப் பார்த்தாள். பிறகு டேப்பைக் கையில் எடுத்துக் காட்டினாள். “பூஜைக்கு முன்னாடி எடுத்தேனே மேடம். இதுல எல்லாம் இருக்குது. அந்தம்மாவுக்கு நேரம் இல்ல. பண்ணச் சொல்லிடுங்க.”

பத்ரி விட்டுப்போன சி.டி.யை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். சீனு ஃபார்மேட் செய்தான். புதிதாக ஏற்றினான். மதியத்துக்கு மேல் ஜகதாம்பாள் பாடினார். ‘ஓடுது, பேசுங்க’ என்றதற்கு, ‘பேசறதுக்கு இல்லடியம்மா, பாடறதுக்கு வந்திருக்கேன்’ என்று சொல்லிவிட்டுப் பாடினார். நன்றாக வந்தது. கேசட்டில் ஏற்றிக் கொடுத்து அனுப்பினோம்.

அதன் பிறகுதான் டேப்பை மாட்டினாள் சங்கமித்ரா. மாட்டியதும் டிரைவ் மாவரைக்க ஆரம்பித்தது. அவள் நாற்காலியில் அப்படியே பின்னால் சாய்ந்தாள்.

“மேடம்,” என்றாள். “அன்னிக்கு இந்தச் சத்தம் வரலையே.”

பழைய பதிவுகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. செத்துப்போனவர்கள், இருக்கிறவர்கள், பெயர்கள் வரிசையாகத் திரையில் ஏறின. போன மாத நகலோடு வரிசை நின்றது. முனிராஜ் என்ற பெயர் வரவில்லை. டேப்பை முதலிலிருந்து ஓட்டினாள். திரும்பவும் ஓட்டினாள். நான் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அன்றைக்கு அவருக்கு மூக்குக் குழாயில் கஞ்சி கொடுக்க வேண்டியது அவள் முறை.

பத்ரிநாத் ஊருக்குத் திரும்பியதும் நேரே இங்கேதான் வந்தான். அவள் தட்டியது என்ன என்று ஒரு வரி விடாமல் கேட்டான். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

“டிவைஸ் ஃபைல் எல்லாத்தையும் அழிச்சிருக்கா, வித்யா. அதெல்லாம் நிஜத்துல ஃபைலே இல்ல. வாசல்ல மாட்டற பேர்ப்பலகை மாதிரி. இதுதான் டேப், இதுதான் ஸ்க்ரீன், இதுதான் ஸ்பீக்கர்னு சிஸ்டத்துக்குக் காட்டும். உள்ள ஒண்ணும் கிடையாது, அதனால சைஸ் ஸீரோ. பலகை போயிட்டா டிரைவுக்கு வழி தெரியாது.”

“அப்ப அன்னிக்கு எடுத்த பேக்கப்பு?” என்று கேட்டாள் சங்கமித்ரா.

“டேப்போட பலகையே இல்லையே. அந்தப் பேர்ல ஹார்ட் டிஸ்க்லயே சாதாரணமா ஒரு ஃபைலை உண்டாக்கி, எல்லாத்தையும் அதுல எழுதி வெச்சிருக்கும். அதான் சீக்கிரம் முடிஞ்சுது, சத்தமும் இல்ல. எல்லாமே பத்திரமா இருந்திருக்கும்மா. ஒண்ணுக்கு ரெண்டா இருந்திருக்கு. இதோ இந்த சி.டி.யைப் போட்டு எழுப்பி, பலகைகளைத் திரும்பச் செய்யறதுக்கு ஒரே ஒரு கமாண்ட். பத்து நிமிஷம். ஃபார்மேட் பண்ற வரைக்கும் ஒண்ணுமே போகலை.”

எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. படித்தவனுக்கு இதுதான் வியாதி. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது. கேட்டுக்கொண்டு நிற்கிறவளின் முகத்தைப் பார்க்க வேண்டாமா? அவள் கையிலேயே இருந்த சி.டி., அவளே எடுத்துக் கொடுத்த சி.டி. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஒண்ணுக்கு ரெண்டா’ என்று தனக்குத்தானே ஒருமுறை சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பத்ரி ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான். புதிதாக ஏற்றியது எல்லா இடத்தையும் மூடியிருக்காது, துண்டு துண்டாக ஏதாவது கிடைக்கலாம் என்றான். வாரங்கள் போயின. சனிக்கிழமை தோறும் சங்கமித்ரா மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் தலையை நிமிர்த்துவாள். அவன் வெறுங்கையோடு வந்து, ‘தேடிண்டே இருக்கேன்’ என்பான்.

இதற்குள் முனிராஜ் வீடு திரும்பியிருந்தார். ஒரு நாள் கண்டக்டர் விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்பவில்லை, காற்று கழுத்துத் துளை வழியாகப் போய்விட்டது. அதை நான் நேரில் பார்த்தேன். பயிற்சி கொடுக்கிறவள், இப்படித்தான் ஆகும் என்று புத்தகத்தில் படித்தவள். இருந்தும் தாங்க முடியவில்லை. விசிலைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, என்னிடம் கையால் ஜாடை காட்டினார். கேசட் சுழல்கிற மாதிரி விரலைச் சுற்றினார். எங்கே என் கேசட் என்று கேட்கிறார்.

“ஏத்திக்கிட்டு இருக்கறோம்ங்க. மெஷின் ரிப்பேரு” என்று சங்கமித்ரா அவசரமாகச் சொன்னாள். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அந்தப் பொய் நெடுநாள் ஓடியது. ஸ்னேஹா காலையில் எழுந்திருக்க அடம் பிடித்தாள். ‘அப்பா பஸ் போடும்மா, அப்பா பஸ் போடு’ என்று கேட்பாளாம். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் தாமதம். முனிராஜ் பீரோவைத் தட்டிப் பார்த்தார். தட்டுக்குப் பின்னால் கூப்பாடு வராததால் குழந்தை போர்வையை இழுத்து மூடிக்கொண்டது. அதன் பிறகு அவர் தட்டுவதை விட்டுவிட்டார். புதுக்குரல் பழகும் பயிற்சிக்கும் வர மாட்டேன் என்றார். நான் என்ன செய்ய? எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் வாயைத் திறக்கிறவனிடம்தான் செல்லும்.

பொங்கல் கழிந்து பத்ரி வந்தான். முகத்தைப் பார்த்தே தெரிந்தது, அவன் இம்முறை பேசப் பயப்படுகிறான் என்று.

“பதிவோட ஆரம்பம் மட்டும் ஒரு இடத்துல இருந்தது. மிச்சத்துக்கு மேல எழுதியாச்சு. நாலஞ்சு செகண்டுதான்” என்று சொல்லி, கேசட்டை என் கையில் கொடுத்தான். அவள் கையில் கொடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

போட்டுக் கேட்டோம். முதலில் மின்விசிறி இரைச்சல். பிறகு ஒரு குரல், தெளிவாக, கணீரென்று: ‘ஓடுது, பேசுங்க.’ அடுத்து ஒரு செருமல். அதுவும் பாதியில் அறுந்துவிட்டது.

கேசட்டில் ஏற்றும்போது நாங்கள் வெட்டி எறிகிற பகுதி. அது மட்டும் மிஞ்சியிருந்தது. சங்கமித்ரா டேப் ரிக்கார்டரையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “என் கொரலு எதுக்கு மேடம் எனக்கு?” என்றாள். அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். பத்ரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். நீங்க கூட வாங்க மேடம், தனியா சொல்ல முடியாது என்று கேட்டிருந்தாள். முனிராஜ் பீரோவை ஒட்டிப் பாயில் உட்கார்ந்திருந்தார். கழுத்துத் துளையின் மேல் ஈரத்துணி. ஸ்னேஹா தரையில் குப்புறப் படுத்து ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். சங்கமித்ரா அவர் எதிரில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். சுத்தம் பண்ணியது, டேப், சீனு, அந்தப் பாட்டு டீச்சர், பத்து நிமிஷ வேலை. எதையும் விடவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தைகூட இல்லை. “நான்தாங்க அழிச்சேன். என் கையாலதான். இவ்ளோதான் மிச்சம்” என்று சொல்லி டேப் ரிக்கார்டரை அழுத்தினாள்.

‘ஓடுது, பேசுங்க.’ ஒரு செருமல். அவ்வளவுதான்.

முனிராஜ் ஒரு விரலைத் தூக்கினார். மறுபடி போட்டாள். மறுபடி விரல். எத்தனை முறை போட்டாள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் பேசுங்க என்று அவள் குரல் கேட்கிறது, அவரால் பேச முடியவில்லை. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது எனக்கு.

தரையிலிருந்து ஸ்னேஹா தலையைத் தூக்கினாள். “அப்பா பஸ்ஸா? ஏன் நின்னுடுச்சு?” என்றாள். இன்னொரு முறை கேசட் ஓடி, செருமல் அறுந்த இடத்தில், குழந்தை தானே ஆரம்பித்துவிட்டாள். அப்பனின் தொனி அப்படியே. “மார்க்கெட், அடுகோடி, மடிவாளா, பொம்மனஹள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஆனேக்கல் ஆனேக்கல் ஆனேக்கல்!”

பீரோவில் ஓங்கி ஒரு தட்டு விழுந்தது.

நாங்கள் மூவரும் திடுக்கிட்டுத் திரும்பினோம். முனிராஜ் கையைத் தகரத்தின் மேலேயே வைத்துக்கொண்டு மகளை முறைத்தார். குழந்தை விழித்தாள். விரல்விட்டு முணுமுணுப்பாக எண்ணிப் பார்த்தாள். சங்கமித்ரா தினமும் இறங்கிய இடத்தை அவள் விட்டிருந்தாள்.

“சந்தாபுரா!” என்று கத்தினாள்.

அதன் பிறகுதான் அந்த இரண்டு தட்டும் விழுந்தன.